மணமகள் தேவை: ஒரு பழைய மாணவனின் வரலாற்றுக் குறிப்பு

மலர்க்குழுவினர் "சார், வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும்" என்று கேட்டபோது, வழக்கம்போல ஏதாவது கல்வெட்டைப் பற்றி எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் என் வகுப்புத் தோழன் ஒருவன் வந்து திசையை மாற்றிவிட்டான். 1977இல் என்னோடு பி.ஏ. முடித்தவன். பெயர் சொல்ல மாட்டேன். எங்கள் செட்டுக்காரர்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். கண்டுபிடித்தாலும் மேடையில் வைத்துக் கேலி செய்யாதீர்கள், ப்ளீஸ்!

மனைவியை இழந்து நாலு வருஷம் ஆகிறது அவனுக்கு. பெங்களூரில் இருக்கும் மகள்தான், "அப்பா, இப்படித் தனியா கிடக்காதீங்க" என்று ஒரு திருமண இணையதளத்தில் பதியச் சொல்லியிருக்கிறாள். "வாத்தியாரே, இதைக் கொஞ்சம் சரி பண்ணிக் குடு" என்று ஒரு தாளை நீட்டினான்.

ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், வயது 67, சொந்த வீடு, பென்ஷன் உண்டு, சர்க்கரை கட்டுப்பாட்டில், கெட்ட பழக்கம் இல்லை. நன்கு சமைக்கத் தெரிந்த, அமைதியான, 50 வயதுக்கு உட்பட்ட பெண் தேவை.

"டேய், இதை நீ எழுதலை. 1695லேயே எழுதிட்டாங்க" என்றேன்.

உண்மைதான். லண்டனில் ஜான் ஹௌட்டன் என்பவர் வேளாண்மையும் வணிகமும் பற்றி ஒரு வாரத்தாள் நடத்தினார். அதில் 1695 ஜூலையில் ஒரு விளம்பரம்: தனக்கு முப்பது வயதென்றும் நல்ல சொத்து இருப்பதாகவும், ஏறத்தாழ 3,000 பவுன் உடைமை கொண்ட இளம்பெண் வேண்டுமென்றும் ஒரு கனவான் கேட்டிருந்தார். இருப்பு இவ்வளவு, தேவை இவ்வளவு, கணக்கு முடிந்தது. ஆள் எப்படிப்பட்டவர், சிரிப்பாரா, சிடுசிடுப்பாரா, ஒன்றும் தெரியாது.

நம் பக்கம் அந்தக் கணக்கையும் மாப்பிள்ளை எழுதுவதில்லை; அப்பாவோ மாமாவோ எழுதுவார். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் கோத்திரம், நட்சத்திரம், நிறம், சம்பளம் என்று எழுத்தெண்ணிக் காசு கட்டிய விளம்பரங்களை நாமெல்லாம் படித்தவர்கள்தானே? அதில் 'நான்' என்ற சொல்லைத் தேடினாலும் கிடைக்காது.

வயதான ஆணுக்கோ அந்த விளம்பரம்கூடத் தேவைப்படவில்லை. பெண்ணின் திருமண வயதை 14 என்று வரையறுத்த சாரதா சட்டமே 1929இல்தான் வந்தது. அதற்கு முன் கிழவருக்குச் சிறுமியைக் கட்டிவைப்பதைத் தடுக்க ஆளில்லை. விதவைக்கோ 1856இலேயே மறுமணச் சட்டம் வந்தும் ஊர் ஒப்பவில்லை. ராஜமகேந்திரவரத்தில் கந்துகூரி வீரேசலிங்கம் 1881இல் ஒரு விதவை மறுமணத்தை நடத்திவைத்துப் பெரும் எதிர்ப்பைச் சந்தித்தார். 'தி ஹிந்து', 'சுதேசமித்திரன்' இரண்டையும் தொடங்கியவர்களில் முதன்மையானவரான ஜி. சுப்பிரமணிய ஐயர், சிறு வயதிலேயே விதவையான தம் மகளுக்கு 1889இல் பம்பாயில் மறுமணம் செய்துவைத்தார். அதற்காகச் சொந்த சாதியார் அவரை ஒதுக்கினர். மாணவர்கள் இந்தப் பெயர்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தேர்வுக்காக அல்ல.

ஆக, மறுத்துச் சொல்ல உரிமையுள்ள ஒரு பெண்ணிடம், ஒரு வயதான ஆண் தன்னைப் பற்றித் தானே சொல்லிப் பிடித்துப்போக வைக்க வேண்டிய நிலை நம் வரலாற்றில் அநேகமாக இருந்ததே இல்லை. என் நண்பன் திணறியதில் ஆச்சரியமென்ன!

கம்ப்யூட்டர் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1965இல் ஹார்வர்டு மாணவர்கள் 'ஆபரேஷன் மேட்ச்' என்று தொடங்கி, 3 டாலர் வாங்கிக்கொண்டு கேள்வித்தாளை இயந்திரத்தில் கொடுத்து ஜோடி சேர்த்தார்கள். 1995இல் மேட்ச் டாட் காம் வந்தது. நம்மவர் முருகவேல் ஜானகிராமன் 1997இல் அமெரிக்காவில் தமிழர்களுக்காக ஓர் இணையதளம் நடத்தினார். அதன் திருமணப் பகுதிக்குக் கிடைத்த வரவேற்புதான் பாரத் மேட்ரிமோனியாக வளர்ந்தது.

நாங்கள் திறந்த தளத்தில் முதல் கேள்வியே "யாருக்காகப் பதிகிறீர்கள்?" என்பது. தனக்கு, மகனுக்கு, மகளுக்கு, சகோதரனுக்கு, சகோதரிக்கு, உறவினருக்கு, நண்பருக்கு. 'அப்பாவுக்கு' இல்லை, 'அம்மாவுக்கு'ம் இல்லை. பதிய முயன்ற மகள் வேறு வழியில்லாமல் அப்பாவை 'உறவினர்' என்று போட்டிருந்தாள். அதை அழித்துவிட்டு 'தனக்கு' என்பதை அவனையே அழுத்தச் சொன்னேன். விரல் நடுங்கியது.

அடுத்தது போட்டோ. மகள் கல்யாணத்தில் எடுத்த படத்தை வெட்டிக் கொண்டுவந்திருந்தான். ஓரத்தில் பட்டுப்புடவைக் கரையும் நாலு வளையலும் தெரிந்தன. இரண்டு பேருமே கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு வாசல் திண்ணையில், வழுக்கையோடும் கண்ணாடியோடும், இன்றைய முகத்தை நானே படம் பிடித்தேன்.

எழுத ஒரு சாயங்காலம் முழுக்க ஆயிற்று. "சமைக்கத் தெரிந்த" என்பதை அடித்து, "காலைக் காபி நான் போடுவேன், ரசம் சுமாராக வரும்" என்று மாற்றினோம். "50 வயதுக்கு உட்பட்ட" என்பதை அவனே அடித்தான். பழைய சிவாஜி படங்கள் பிடிக்கும், காது ஒன்று மந்தம், சீட்டாட்டத்தில் தோற்றால் கோபம் வரும் என்பதெல்லாம் உள்ளே வந்தன. கடைசி வரியில்தான் சண்டை. "என் மனைவியின் படம் கூடத்தில் இருக்கிறது, இருக்கும்" என்று எழுதினான். இதைப் போட்டால் ஒருத்தரும் வரமாட்டார்கள் என்று நான் வாதாடினேன். அவன் அசையவில்லை.

மூன்று வாரம் ஒன்றும் இல்லை. பணம் கேட்டு இரண்டு போலிகள் வந்தன, தடுத்துவிட்டோம். பிறகு ஓர் அம்மையார், அரசு ஊழியராக இருந்து மறைந்தவரின் மனைவி, ஒரே வரி எழுதியிருந்தார்: "எங்கள் கூடத்திலும் ஒரு படம் இருக்கிறது."

கல்யாணம் என்று இன்னும் பேச்சில்லை. மறுமணம் செய்துகொண்டால் அவருடைய குடும்ப ஓய்வூதியம் நின்றுவிடும். 1856 சட்டத்தில் மறுமணம் செய்த விதவை முதல் கணவரின் சொத்தில் உரிமையை இழந்த கதைதான் எனக்கு ஞாபகம் வந்தது. தினம் சாயங்காலம் ஆறு மணிக்குப் போனில் பேசிக்கொள்கிறார்கள். நல்ல காதில்தான் வைத்துக் கேட்கிறானாம்.

இந்தச் சந்திப்புக்கு அவன் இரண்டு சாப்பாட்டு டோக்கன் கேட்டிருக்கிறான்.