பெயர்த் தகடு இல்லாத பழைய ஸ்னேர் டிரம்: செய்தவரை அடையாளம் காண்பது எப்படி?

தோட்ட மண்டபத்து ஸ்டோர் அறையிலோ, தமிழ்ப்பள்ளி அலமாரிக்கு மேலோ, ஒரு காலத்தில் பேண்ட் வாசித்த தாத்தாவின் கட்டிலுக்கு அடியிலோ பழைய ஸ்னேர் டிரம் ஒன்று கிடைப்பதுண்டு. தோல் கிழிந்து, குரோம் கறுத்து, கம்பெனித் தகடு இருந்த இடத்தில் வெறும் ஓட்டை மட்டும் மிஞ்சியிருக்கும். கோல சிலாங்கூர் வட்டாரத்தில் தோட்டங்கள் கைமாறி, குடும்பங்கள் சுங்கை செம்பிலாங், ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா என்று பிரிந்துவிட்ட நிலையில், இத்தகைய பொருள் பழைய இரும்பு வாங்குபவரின் லாரியில் ஏறிவிடுவது எளிது. அவருக்கு அது சில கிலோ உலோகம். ஆனால் செய்தவர் யார் என்று தெரிந்தால், எந்தக் காலத்தில் அந்தத் தோட்டத்தில் பேண்ட் இருந்தது என்பதற்கே அது சாட்சியாகிவிடும்.

உறுமிக்கும் தப்புக்கும் கம்பெனி முத்திரை கிடையாது. செய்தவரின் கைவேலையைப் பார்த்துப் பழகியவர்கள் சொல்லிவிடுவார்கள். ஸ்னேர் டிரம் தொழிற்சாலைப் பொருள். அங்கே கைவேலைக்குப் பதில் அச்சு பேசும். போல்ட் நுழையும் உலோகக் குமிழை 'லக்' என்பார்கள். பல நிறுவனங்கள் லக்கைத் தமக்கென வார்த்த அச்சில் செய்தன. தகடு தொலையலாம், தோல் மாறலாம். எட்டு பத்து லக்கும் ஒருசேரத் தொலைவது அரிது. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது லக்கின் வடிவத்தை. அடுத்தது, அடியிலுள்ள சுருள் கம்பியை இறுக்கித் தளர்த்தும் லீவரை.

அதற்கும் முன்னால் ஒரு எச்சரிக்கை: துடைத்துப் பளபளப்பாக்கக் கூடாது. தகடு இருந்த இடத்தில் நிறம் மங்காமல் அதன் நிழல் பதிந்திருக்கும். வட்டமா, முட்டை வடிவமா, கேடயமா என்று அந்த நிழலே காட்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து புது பெயிண்ட் அடித்தால் முதலில் அழிவது அதுதான்.

சுதந்திரத்துக்கு முந்தைய மலாயாவில் பிரிட்டிஷ் பொருளுக்குத் தனி இடம் இருந்தது. எனவே முதல் சந்தேகம் பிரிமியர் மீது விழுவது நியாயம். 1922இல் லண்டனில் தொடங்கிய நிறுவனம் அது. 1940இல் குண்டுவீச்சில் தொழிற்சாலையை இழந்து லெஸ்டர் பக்கம் போனது. ஒலிம்பிக் என்ற பெயரில் அதே நிறுவனம் மலிவான டிரம்களையும் விற்றது. பூசி அண்ட் ஹாக்ஸின் அஜாக்ஸும் அந்நாளில் பெயர்பெற்றதே. பழைய பிரிட்டிஷ் டிரம்களில் இரண்டு அடையாளங்களைத் தேடலாம். ஒன்று, போல்ட்டின் தலை இன்றுள்ளதுபோல் சதுரமாக இல்லாமல், நாணயத்தின் விளிம்பு நுழையும்படி குறுக்கே வெட்டுப்பட்டிருப்பது. மற்றொன்று அளவு. 1960களின் பிற்பகுதிக்கு முந்தைய பிரிட்டிஷ் 14 அங்குல டிரம், அமெரிக்க 14 அங்குலத்தைவிடச் சற்றே பெரியது. இன்று கடையில் வாங்கும் 14 அங்குலத் தோல் அதில் உட்காராமல் முரண்டு பிடித்தால், 'கடைக்காரர் தப்பாகக் கொடுத்துவிட்டார்' என்று சண்டைக்குப் போக வேண்டாம். அதுவே நல்ல தடயம்.

ஜப்பான் டிரம்களில்தான் குழப்பம் அதிகம். 1946இல் தொடங்கிய பெர்ல் நிறுவனம் 1961இல் சிபாவில் புதிய ஆலை கட்டி, முப்பதுக்கும் மேற்பட்ட விநியோகஸ்தர்களின் பெயரில் மலிவு டிரம்களைச் செய்தனுப்பியது. மேஜஸ்டிக், அப்போலோ, கொரோனெட் எல்லாம் அந்தப் பெயர்களில் சில. அதாவது தகடு இருந்திருந்தாலும் அது செய்தவரின் பெயராக இருந்திருக்காது! ஹோஷினோ நிறுவனமும் 1960களில் ஸ்டார் என்ற பெயரில் விற்று, 1974இல்தான் டாமா என்ற பெயருக்கு வந்தது. இவ்வகை டிரம்மின் உட்புறம் பெரும்பாலும் 'லுவான்' ஒட்டுப்பலகை. செம்பழுப்பு நிறம், கண்ணுக்குத் தெரியும் நுண்துளைகள். நம் ஊர்த் தச்சர் பார்த்தால் மெராந்தி என்பார். அவர் சொல்வது தவறில்லை. இரண்டும் ஒரே மரக் குடும்பம்.

மூன்றாவது வழி இந்தியா. கல்யாண ஊர்வல பேண்டுகளுக்கு வாத்தியம் செய்யும் பெரிய மையம் உத்தரப் பிரதேசத்தின் மீரட். அங்கே ஜாலி கோட்டி பகுதியில் பேண்ட் வாத்தியப் பட்டறைகள் நிறைய. நாதிர் அலி நிறுவனம் 1885இலேயே தொடங்கியது. இன்று பாகிஸ்தானில் உள்ள சியால்கோட்டும் டிரம்முக்குப் பேர்போனது. பித்தளைக் கூட்டின் பற்றவைப்பு கரடுமுரடாகவும், லக்குகளுக்கு இடையிலான தூரம் சீரில்லாமலும் இருந்தால் பட்டறை வேலை என்று ஐயப்படலாம். மட்டமான பொருள் என்று அதற்கு அர்த்தமில்லை.

அமெரிக்க டிரம் கிடைத்தால் வேலை எளிது. 1960களின் லட்விக்கில் கூட்டின் உள்ளே தேதி முத்திரை குத்தப்பட்டிருப்பதுண்டு. 1963 முதல் அதன் தகட்டில் வரிசை எண்ணும் உண்டு. எந்த நாட்டு டிரம்மானாலும் ஒரு பக்கத் தோலைக் கழற்றி, டார்ச் அடித்து உள்ளே பார்த்துவிடுவது நல்லது. ஒட்டிய காகிதம், பென்சில் கிறுக்கல், ரப்பர் முத்திரை ஏதாவது இருக்கும்.

தோலை வைத்து மட்டும் காலத்தை முடிவு செய்பவர்கள் ஏமாறுகிறார்கள். பிளாஸ்டிக் தோல் 1957 வாக்கில்தான் சந்தைக்கு வந்தது. அதற்கு முன் கன்றுத்தோல். மழைக்காலத்தில் அது தொய்வதைத் தவில்காரரிடம் கேட்டால் தெரியும். அதனால் பழைய டிரம்மிலும் பின்னாளில் பிளாஸ்டிக் போட்டிருப்பார்கள். அதேபோல் உடைந்த லீவருக்குப் பதில் வேறு கம்பெனி லீவரும் ஏறியிருக்கும். லீவரைச் சுற்றிப் பயன்படாத திருகு ஓட்டைகள் தெரிந்தால், அந்த லீவரைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கழற்றிய போல்ட்டுக்குப் பதில் புதியது போடும்போது, அது இரண்டு மூன்று சுற்றில் இறுகி நின்றால் அங்கேயே நிறுத்த வேண்டும். மரை வேறு என்று அர்த்தம். பலவந்தமாக முறுக்கினால் லக்கின் மரை போய்விடும். லக், லீவர், போல்ட் தலை, கூட்டின் உட்புறம், தகட்டு ஓட்டை ஆகியவற்றை அளவுகோல் பக்கத்தில் வைத்துப் படமெடுத்தபின், பழைய விற்பனைப் பட்டியல்களில் உள்ள படங்களோடு ஒப்பிடலாம். பழைய போல்ட்டுகளை மைலோ டின்னில் போட்டு டிரம்முடனேயே வைக்க வேண்டும்.