சாயம் போன சேலை

தொலைக்காட்சித் தொடரில் பாத்திரம் வாய் திறப்பதற்கு முன்பே அது கட்டியிருக்கும் சேலை பேசிவிடுகிறது. பெரிய வீட்டம்மாவுக்கு அரக்குப் பட்டு. அடங்கிப்போகும் மருமகளுக்கு இளநிறத்தில் நூல் சேலை. வில்லிக்குக் கண்ணைப் பறிக்கும் சிவப்பு, கறுப்பு. வேலைக்காரி வந்தால்? சாயம் போன சேலை, அதோடு ஒட்டாத நிறத்தில் ஒரு ரவிக்கை. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கிறவர்களுக்கும் யார் எவர் என்று சட்டெனப் புரியணும், அதற்காகத்தான் இந்த ஏற்பாடு என்பார்கள் தொழில் தெரிந்தவர்கள். சரி, இருக்கட்டும். பார்த்ததும் புரிகிறதே, அந்தப் புரிதலை நமக்குள் வைத்தது யார்?

1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதி ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். பொன், வெள்ளி நகை போடாதே. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தாதே. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. பெண்கள் ரவிக்கை, தாவணியால் மார்பை மூடாதே. பூ வைக்காதே, மஞ்சள் பூசாதே. குடை, செருப்பு கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன, ஆடு மாடு கொள்ளை போயிற்று. 1931 குடிமதிப்பு ஆணையர் ஹட்டன் இதையெல்லாம் பதிவு செய்திருக்கிறார். ஆக, நிறமும் துணியும் ரசனை சார்ந்த சமாச்சாரம் அல்ல, சட்டம். எழுதாத சட்டம்.

புதுச்சேரியில் நிறத்தைச் சொல்லியே ஊரைப் பிரித்தார்கள் பிரெஞ்சுக்காரர்கள். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளை நகரம், மேற்கே கறுப்பு நகரம். அந்தக் கறுப்புக்கும் வெளியே நம்ம சேரிகள். 1873-இல் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை ஐரோப்பியச் சப்பாத்து போட்டுக்கொண்டு நீதிமன்றம் போனார் என்று தடுத்தார்கள். பாரீஸ் வரை வழக்காடி ஜெயித்தார். பிள்ளைப் பட்டம் உள்ளவர் காலுக்கே பாரீஸ் தீர்ப்பு வேண்டியிருந்தது. சேரிக்காரன் காலுக்கு எந்தக் கோர்ட்டு?

இதே ஊரிலிருந்துதான் அவுரிச் சாயம் தோய்த்த நீலத்துணி 19ஆம் நூற்றாண்டில் செனகலுக்குக் கப்பலேறியது. அங்கே பிசின் வியாபாரத்தில் அந்தத் துணி பணமாகவே புழங்கியது. கடல் தாண்டி நிறம் அனுப்பிய ஊரில் சேரிக்கு மட்டும் நிறம் மிச்சமில்லை. நமக்கான நீலம் வேறு வழியாக வந்தது. 1942-இல் அம்பேத்கர் தொடங்கிய பட்டியல் சாதியினர் சம்மேளனம் நீலக்கொடி ஏந்தியது. இன்று சிலைகளில் அவர் நீலக் கோட்டும் டையும் பூட்ஸுமாக நிற்கிறார். ராமநாதபுரத்தில் எதையெல்லாம் போடாதே என்றார்களோ அதையெல்லாம் போட்டுக்கொண்டு நிற்கிறார். அவர் சிலைக்குக் கம்பிக்கூண்டு போட வேண்டியிருப்பது ஏன் என்று இதிலிருந்து விளங்கும்.

இப்போது தொடருக்கு வருவோம். 1982-இல் தூர்தர்ஷன் வண்ணத்துக்கு மாறியது. 1993-இல், அண்ணலின் பிறந்த நாளான ஏப்ரல் 14 அன்று, சன் டிவி தொடங்கியது. ஊருக்கே வண்ணம் வந்தபோது நம்ம சனங்களுக்கு வந்தது வெளுத்த துணிதான். சேரியில் ஒரு விசேஷம் என்றால் போய்ப் பாருங்கள்: கிளிப்பச்சை, ரோஸ், எலுமிச்சை மஞ்சள், தலை நிறையக் கனகாம்பரம். உடம்பில் ஒட்டிய ஒவ்வொரு நிறமும் யாரோ அடிபட்டு வாங்கித் தந்தது. தொடருக்கு இது தெரியாது. பளிச்சென்று உடுத்தியவன் அங்கே சிரிப்புப் பாத்திரம்; உடுத்தாதவன் இரக்கத்துக்குரியவன். மூன்றாவது இடம் கிடையாது.

தண்டோரா போட்டு எவரும் இன்று தடை சொல்வதில்லை. படப்பிடிப்புக்கு உடுப்பு வாங்கப் போகிறவர் வெளுத்த சேலையாகப் பார்த்து எடுத்து வந்தால் போதும், 1930 தொடர்கிறது. இந்தத் துறையில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தச் சேலையை மாற்றும்படி அவர்கள் கேட்கட்டும். பார்க்கிற நாமும் கேட்போம்: வேலைக்காரிக்கு நல்ல சேலை கட்டினால் கதையில் எது கெட்டுப்போகும்?