கதாநாயகனாகுமுன் எம். ஜி. ஆர்.

புகழின் உச்சியை அடைந்துவிட்ட நடிகரொருவரின் ஆரம்பகாலப் படங்களை ஆராயப் புகுவோர் பெரும்பாலும் இரு தவறுகளுள் ஒன்றைச் செய்வர். ஒவ்வொரு சிறு வேடத்திலும் வருங்காலத் தலைவரைக் கண்டு மெய்சிலிர்ப்பது ஒன்று. அவற்றைப் பேசாது விட்டுவிடுவது மற்றையது. 1936இல் 'சதி லீலாவதி'யில் தோன்றியது முதல் 1947இல் 'ராஜகுமாரி'யில் கதாநாயகனாகும் வரை எம். ஜி. ஆர். கழித்த பதினொரு ஆண்டுகளும் இவ்விரு கதிக்கும் உள்ளாகியுள்ளன.

நாவலப்பிட்டியிற் பிறந்தவரின் முதற்படத்திலேயே இலங்கைத் தேயிலைத் தோட்டம் இடம்பெறுகின்றமை ஈழத்து வாசகருக்குச் சுவை பயக்கும் செய்தியாகும். எஸ். எஸ். வாசனின் கதையைத் தழுவி, அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் நெறிப்படுத்திய அப்படத்தில், மதுமயக்கத்தில் கொலை செய்துவிட்டதாக நம்பும் கதாநாயகன் (எம். கே. ராதா) இலங்கைக்கு ஓடிவந்து தோட்டக் கூலியாகிறான். இங்கு பிறந்தவருக்கோ ரங்கையா நாயுடு எனும் பொலிஸ் இன்ஸ்பெக்டர் வேடமே கிட்டிற்று. பிற்காலத்திற் பொலிசாருக்கு வேலை வையாது தாமே கயவரை அடித்து வீழ்த்தியவர், காக்கிச் சட்டையுடன் திரையுலகிற் புகுந்தமை விதியின் குறும்பு போலும்!

பின்னர் தேவலோகத்திலும் அவருக்கு உத்தியோகம் கிடைத்தது. 1939இல் 'பிரகலாதா'வில் இந்திரன். 1946இல் 'ஸ்ரீ முருக'னிற் சிவபெருமான். ஏழாண்டிற் பதவியுயர்வு என்பது எந்த அரசாங்கத் திணைக்களத்திலும் குறை கூறத்தக்கதன்று. மண்ணுலகில் நிலைமை அத்துணைச் சிறப்பாக இருக்கவில்லை. 'அசோக்குமா'ரில் (1941) தியாகராஜ பாகவதரின் நண்பன். 'மீரா'வில் (1945) எம். எஸ். சுப்புலட்சுமியின் இசை வெள்ளத்தின் கரையிலே நிற்கும் ஜெயமல். 'சாலிவாகன'னிலோ (1945) வாள்வீச்சில் வல்லவரான ரஞ்சன் கதாநாயகன், எம். ஜி. ஆர். விக்கிரமாதித்தன். பழங்கதைப்படி சாலிவாகனனிடம் தோற்கவேண்டியவன் விக்கிரமாதித்தனே என்பதை அவரது வாட்போர்களைக் கண்டு வளர்ந்த இரசிகருக்குச் சற்றுத் தயக்கத்துடனேயே சொல்லவேண்டியுள்ளது.

இத்தாமதத்திற்குக் காரணம் யாது? திறமையின்மை என்று கூறவியலாது. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பனியின் நாடகப் பயிற்சி அவருக்கு இளமையிலேயே வாய்த்திருந்தது. தோற்றப் பொலிவுக்கும் குறைவில்லை. குறைவாயிருந்தது குரலே. முப்பதுகளிலும் நாற்பதுகளின் முற்பாதியிலும் கதாநாயகன் என்பான் முதலிற் பாடகன். நடிப்பு இருந்தால் அது கொசுறு. பாகவதரும் பி. யு. சின்னப்பாவும் கோலோச்சிய அக்காலத்திற் பாடத்தெரியாத அழகனுக்குத் தளபதி வேடமே உரியது.

இந்நிலையை மாற்றியதிற் கலையைவிடப் பொறிக்குப் பங்கு அதிகம் என்பதே எமது கருத்து. 1938இல் 'நந்தகுமா'ரில் தலைகாட்டிய பின்னணிப் பாடல் முறை, நாற்பதுகளின் நடுப்பகுதியில் வலுப்பெற்றது. 1945இல் 'ஸ்ரீ வள்ளி'யிற் கதாநாயகி ருக்மிணிக்காகப் பெரியநாயகி பாடினார். குரல் வேறு, உடல் வேறு எனப் பிரிந்துவிட்டபின், தாமே பாடாத கதாநாயகனுக்கும் வழி பிறந்தது. லட்சுமிகாந்தன் கொலை வழக்கிற் பாகவதர் 1944 இறுதியிற் கைதாகி 1947 வரை சிறையிருந்ததும் இவ்வேளையிலேதான். வரலாற்றாசிரியர் சிலர் 'இயல்பான வளர்ச்சி' என்று எழுதுவதற்குள் இத்தகைய தற்செயல்கள் எத்தனை அடங்கியுள்ளன!

'ஸ்ரீ முருக'னிற் சிவனாக ஆடிய நடனம் ஜுபிடர் நிறுவனத்தாரைக் கவர, ஏ. எஸ். ஏ. சாமி நெறிப்படுத்திய 'ராஜகுமாரி'யில் அவர் கதாநாயகனானார். மு. கருணாநிதியின் வசனப் பங்களிப்புக்காகவும் அப்படம் பேசப்படுகிறது. சிறு வேடமொன்றில் சின்னப்பா தேவரும் அதிற் காணப்படுகிறார். இவரே பின்னர் தயாரிப்பாளராகி, 1956 முதல் 1972 வரை எம். ஜி. ஆரைக் கொண்டு பதினாறு படங்கள் எடுத்தார்.

கதாநாயகனான பின்னரும் ஏணி நேராக இருக்கவில்லை. 1948இல் 'அபிமன்யு'வில் அருச்சுனனாகி, வளர்ந்த மகனுக்குத் தந்தையானார். அதே ஆண்டு சிறைமீண்ட பாகவதரின் 'ராஜமுக்தி' வெளிவந்தது. அதிற் பாகவதரே நாயகர், எம். ஜி. ஆர். மீண்டும் இரண்டாமிடத்தில். படம் தோல்வியுற்றது. பாகவதரின் குரல் அப்போதும் குன்றியிருக்கவில்லை. படமாளிகைக்கு வந்தோரின் செவிதான் மாறியிருந்தது.