"டிக்கியைத் திறங்க"

சனிக்கிழமை ராத்திரி பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச் பக்கம் வண்டியில போறவங்களுக்கு பாரிகேட் புதுசு இல்லை. லைசென்ஸ், ஆர்சி, ஊதச் சொல்றது. ரெண்டு நிமிஷ வேலை. சீருடையில் இருக்கும் காவலர் கேட்டால் லைசென்ஸைக் காட்ட வேண்டும் என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 130வது பிரிவு. பேப்பர் எல்லாம் சரி, அதுக்கப்புறமும் "டிக்கியைத் திறங்க" என்றால்? அங்கே வேறொரு சட்டம் ஆரம்பிக்கிறது.

அமெரிக்காவில் இந்தக் கேள்விக்குக் கடிகாரத்தை வைத்து பதில் சொன்னார்கள். 2012இல் நெப்ராஸ்காவில் ரோட்டோரக் கோட்டைத் தாண்டிய ஒரு காரை நிறுத்திய காவலர், எச்சரிக்கைச் சீட்டைக் கொடுத்து முடித்தபிறகும் மோப்ப நாய் சோதனைக்காக ஏழெட்டு நிமிஷம் காக்க வைத்தார். மெத் கிடைத்தது. 2015இல் ரோட்ரிகஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 6-3 என்று தீர்ப்புச் சொன்னது: தனியாக நியாயமான சந்தேகம் இல்லையென்றால், டிராஃபிக் வேலை முடிந்ததும் நிறுத்திவைக்கும் அதிகாரமும் முடிந்தது. (அதனால் ரோட்ரிகஸ் தப்பிவிடவில்லை. காவலர் அன்றைய முன்தீர்ப்புகளை நம்பி நடந்தார் என்று கீழ் நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது.)

நம்ம சட்டத்தில் அப்படி ஒரு டைம்அவுட் எழுதப்படவில்லை. நாம் எண்ணுவது நிமிஷத்தை இல்லை, காகிதத்தை.

இதன் வேர் 1878 அபினிச் சட்டத்தில் இருக்கிறது. அபினி அரசாங்கத்தின் ஏகபோக வியாபாரம். ஆளை நிறுத்திச் சோதிக்கும் அதிகாரம் முதலில் காத்தது கஜானாவைத்தான், யாருடைய உடல்நலத்தையும் இல்லை. அதே அதிகாரம் 1985 போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்தபோது கூடவே குறைந்தபட்சம் பத்து வருஷத் தண்டனையும் வந்தது. அவ்வளவு கடுமை என்பதால் சில பூட்டுகளும் போட்டார்கள். 42வது பிரிவின்படி கான்ஸ்டபிளுக்கு மேற்பட்டவர்தான் சோதிக்கலாம், கிடைத்த தகவலை எழுதி மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும், இரவென்றால் காரணத்தையும் எழுத வேண்டும். 50வது பிரிவின்படி உடலைச் சோதிக்கும்முன், மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதிக்கக் கேட்கும் உரிமை உண்டென்று சொல்ல வேண்டும்.

இதெல்லாம் வெறும் சடங்கா? 1973இல் பூரண் மல் வழக்கில், சோதனை சட்டவிரோதமாக இருந்தாலும் கிடைத்த ஆதாரம் செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். 1999இல் பல்தேவ் சிங் வழக்கில் அரசியல் சாசன அமர்வு, 50வது பிரிவை மீறி உடலிலிருந்து எடுத்ததை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது என்றது. பெரிய வெற்றிதான். ஆனால் 2005இல் பவன் குமார் வழக்கில், கையில் இருக்கும் பை உடலில் சேராது என்றார்கள். ஆக சட்டைப்பைக்குப் பாதுகாப்பு, தோளில் தொங்கும் பைக்கு இல்லை, டிக்கிக்கு சுத்தமா இல்லை.

அதைவிடப் பெரிய ஓட்டை 'தற்செயல்'. 1994 பல்பீர் சிங் தீர்ப்புப்படி, வழக்கமான சோதனையில் எதிர்பாராமல் சரக்கு கிடைத்தால், கிடைத்த நொடியிலிருந்துதான் போதைப்பொருள் சட்டத்தின் பூட்டுகள் வேலை செய்யும். அதுவரை எதைத் தேடினார்கள் என்று யார் நிரூபிப்பது? 2021இல் பூட்டா சிங் வழக்கு கொஞ்சம் ஈடுகட்டியது: பொது ரோட்டில் நின்றாலும் தனியார் ஜீப் 'பொது வாகனம்' ஆகாது, 42ஐப் பின்பற்றியே ஆக வேண்டும். பின்பற்றாததால் விடுதலை.

சென்னையின் பங்கும் இதில் உண்டு. 2004இல் இங்கே ஒரு வண்டியை மடக்கி ஐந்து கிலோவுக்கு மேல் ஹெராயின் பிடித்தார்கள். தூஃபான் சிங் என்பவரைத் தண்டிக்க முக்கியமாக நின்றது, பிடித்தபிறகு போதைப்பொருள் தடுப்பு அதிகாரிகள் 67வது பிரிவின்கீழ் அவரிடம் எழுதி வாங்கிய வாக்குமூலம். என்னைக் கேட்டால், நம்ம ஊரில் நிறுத்திவைத்தல் நீள்வது ரோட்டில் இல்லை, இந்த மாதிரி அறைகளில்தான். அந்த அதிகாரிகளும் போலீஸ்தான், அவர்களிடம் சொன்ன ஒப்புதல் செல்லாது என்று 2-1 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது 2020 அக்டோபரில். பதினாறு வருஷம்.

காரணமில்லாமல் சோதிக்கும் அதிகாரிக்கும் 58வது பிரிவில் தண்டனை உண்டு. ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.