வாயில் காப்போன் கேட்கும் வினா

"இடம் கிடைக்குமா?" பள்ளி இறுதித் தேர்வு முடிந்ததும் சதுரங்கப்பட்டினத்திலும் புதுப்பட்டினத்திலும் கல்பாக்கத்திலும் இல்லந்தோறும் எழுகின்ற வினா இது. சென்னைக் கல்லூரி என்றால் விடை சொல்ல நாலு பேர் உண்டு. டில்லி, ஐதராபாத் என்றாலோ ஊரே ஊமையாகிவிடுகிறது. விடை அறியாத இடத்தில் சோதிடன் நுழைகிறான். "குரு பெயர்ந்தால் வடதிசைக் கல்வி" என்கிறான், தட்சணை பெறுகிறான், போகிறான். பெற்றவர்கள் நம்புகிறார்கள். பிள்ளை காத்திருக்கிறான். விண்ணப்பத்தின் கடைசி நாள் கடந்துவிடுகிறது!

கல்விக்கூடத்தின் கதவைத் திறப்பதும் மூடுவதும் கோளல்ல, விதி. தலைவிதியல்ல, மனிதன் எழுதிய விதி. எழுதியவன் யார், யாருக்காக எழுதினான் என்று கேட்பதே வரலாறு.

நம் பாலாற்றங்கரையிலிருந்தே தொடங்குவோம். பல்லவர் தலைநகராம் காஞ்சியில் கடிகை எனும் கல்விக்கூடம் இருந்தது. நான்காம் நூற்றாண்டில் கன்னட நாட்டிலிருந்து மயூரசர்மன் என்ற இளைஞன், தன் ஆசான் வீரசர்மனுடன் அங்கே கற்க வந்ததைத் தாளகுண்டாக் கல்வெட்டு கூறுகிறது. வெளி நாட்டான்தான், ஆயினும் கதவு திறந்தது. ஏன்? அவன் மறையோதும் குலத்தான். பின்னர் பல்லவக் குதிரை வீரனொருவனுடன் பூசல் மூண்டது; ஏட்டை வைத்து வாளை எடுத்தான்; கடம்ப அரசை நிறுவினான். எல்லை கடந்து வந்தவனுக்கு இடமிருந்தது. ஆனால் காஞ்சிக்கு அருகிலேயே ஏர் பிடித்தவன் மகனுக்கும் வலை வீசியவன் மகனுக்கும் அந்தக் கதவு எத்தனை காதம் தொலைவில் இருந்தது!

காஞ்சியிலிருந்து வடக்கே சென்றவரும் உண்டு. அமைச்சர் ஒருவரின் மகனாகக் காஞ்சியிற் பிறந்த தருமபாலர் நாளந்தாவின் தலைவராக விளங்கினார் என்று சீனப் பயணி யுவான் சுவாங் எழுதுகிறார். நாளந்தாவின் வாயிலில் காப்போன் நின்று கடிய வினாக்களைத் தொடுப்பான் என்றும், பத்துப் பேர் வந்தால் ஏழெட்டுப் பேர் விடையிறுக்க இயலாது திரும்புவர் என்றும் அவரே குறிக்கிறார். பத்துக்கு இரண்டு, மூன்று! ஏழாம் நூற்றாண்டிலேயே வாய்ப்பைக் கணக்கிட்டுச் சொன்ன பெருமை அந்தப் பயணிக்கு உண்டு. ஆனால் அந்தக் கணக்கு வாயில்வரை வந்தவர்களின் கணக்கு. வாயில்வரை வர முடியாதோரை எந்தக் காப்போனும் எண்ணவில்லை.

ஆயிரம் ஆண்டு கடந்தது. சதுரங்கப்பட்டினக் கடற்கரையில் டச்சுக்காரர் வந்திறங்கினர், கோட்டை கட்டினர், இந்த வட்டாரத்து மெல்லிய துணியை மரக்கலமேற்றினர். அவர்களுடைய நாட்டிலே லெய்டன் நகரில் 1575 முதலே பல்கலைக்கழகம் இருந்தது. துணி கடல் கடந்தது. தூரம் அதற்குத் தடையாகவில்லை. நெய்தவன் பிள்ளை தறிக்குழியிலேயே இருந்தான்.

1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அதன் முதல் பட்டதாரிகள் யார்? சென்னையார் அல்லர், செங்கற்பட்டார் அல்லர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கரோல் விசுவநாத பிள்ளையும் சி. வை. தாமோதரம் பிள்ளையும்! பின்னாளில் பழந்தமிழ் ஏடுகளைப் பதிப்பித்துப் புகழ் கொண்டவர் அதே தாமோதரம் பிள்ளைதான். கடல் கடந்து வந்தவர் முந்தியது எங்ஙனம்? வட்டுக்கோட்டைச் செமினரி என்ற நல்ல கல்விக்கூடம் அவர்களை முன்பே பயிற்றியிருந்தது. வாயில் காப்போனின் வினாவுக்கு விடை, வாயிலில் பிறப்பதில்லை, ஊர்ப்பள்ளியில் பிறக்கிறது.

இனி, வாய்ப்பைக் கணக்கிட்ட ஒருவர் நாட்டின் சட்டத்தையே மாற்றிய கதைக்கு வருவோம்.

அந்நாளைய சென்னை மாநிலத்தில் வகுப்புவாரி ஆணையின்படி மருத்துவ, பொறியியற் கல்லூரிகளில் 14 இடங்கள் இவ்வாறு பகிரப்பட்டன: பார்ப்பனரல்லாத இந்துக்கள் 6, பிற்பட்ட இந்துக்கள் 2, பார்ப்பனர் 2, அரிசனர் 2, ஆங்கிலோ இந்தியரும் இந்தியக் கிறித்தவரும் 1, முசுலிம்கள் 1. மக்கள் தொகையில் நூற்றுக்கு மூவர் அளவினரான வகுப்புக்கு ஏழில் ஓரிடம்! அதையும் அநீதி என்றனர். செண்பகம் துரைராசன் வழக்குத் தொடுத்தார். அவர் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்ததாகவே தெரியவில்லை என்று உச்சநீதிமன்றத் தீர்ப்பு குறிக்கிறது. விசாரித்தார்; பார்ப்பனராகையால் இடம் கிடைக்காதென அறிந்தார்; நீதிமன்றம் ஏகினார். 1950இல் உயர்நீதிமன்றமும், 1951 ஏப்ரல் 9ஆம் நாள் உச்சநீதிமன்றமும் ஆணை செல்லாது என்றன.

இதில் நாம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. "எனக்கு வாய்ப்பு எவ்வளவு?" என்று விசாரிக்கத் தெரிந்தவர், விதியைப் படிக்கத் தெரிந்தவர், வழக்கறிஞரை அணுகத் தெரிந்தவர், விண்ணப்பமே போடாமல் வென்றார். தலைமுறை தலைமுறையாக வாய்ப்பு சூன்யமாகவே இருந்தவர்களோ, விசாரிக்கவும் அறியாமல் இருந்தனர். அவர்கள் சார்பிலே தமிழகம் கொதித்தெழுந்தது. பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் கிளர்ச்சி நடத்தினர். 1951 சூன் 18இல் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. 15ஆம் பிரிவில் நான்காம் உட்பிரிவு சேர்ந்தது. விதி மனிதன் எழுதியது, மனிதனே திருத்தினான்.

அதே தீர்ப்பின் ஏட்டிலே வெளி மாநிலத்தார் பற்றியும் கணக்குண்டு. சென்னை மாநில மருத்துவக் கல்லூரி இடங்கள் 330. அவற்றுள் வெளி மாநிலத்தார்க்கு 17. பொறியியல் இடங்கள் 395. வெளி மாநிலத்தார்க்கு 21. ஏறத்தாழ இருபதில் ஒன்று. மாநில மக்களின் வரிப்பணத்தால் நடக்கும் கல்லூரி, முதற்கண் மாநில மக்களுக்கே என்பது எங்கும் பொதுவாயிற்று. இந்தூர் மருத்துவக் கல்லூரி வேறொரு வழி கண்டது: மத்திய பாரத மாணவர்க்குத் தலைவரி இல்லை, வெளியார் ஆண்டுக்கு 1,300 அல்லது 1,500 ரூபாய் கட்ட வேண்டும். டில்லி மாணவர் எதிர்த்தார். பிறந்த இடம் வேறு, வசிக்கும் இடம் வேறு என்று 1955இல் உச்சநீதிமன்றம் அந்த விதியை ஏற்றது.

1984இல் பிரதீப் செயின் வழக்கில் காற்று மாறியது. மருத்துவ இடங்களில் ஒரு பகுதியை நாடு முழுமைக்கும் திறக்க வேண்டும் என்றனர் நீதிபதிகள். 1986இல் அப்பங்கு நூற்றுக்கு 15 என நிலைத்தது. நல்லதுதானே? கணக்கைப் பாருங்கள்! தமிழ்நாட்டு அரசுக் கல்லூரியில் 100 இடம் இருப்பின் 85இல் 69 விழுக்காட்டு ஒதுக்கீடு உண்டு. மையத் தொகுப்புக்குச் சென்ற 15இல் பிற்படுத்தப்பட்டோர் பங்கு ஆண்டுகள் பலவாகச் சூன்யம்! தமிழகத்துக் கட்சிகள் வழக்காடின. 2021இல் 27 விழுக்காடு அறிவிக்கப்பட்டது; 2022 சனவரியில் உச்சநீதிமன்றமும் ஏற்றது. அந்த 15இல் ஏறக்குறைய 4 இடம் கிடைக்க 35 ஆண்டு ஆயிற்று.

மாநில எல்லையைத் தாண்டும்போது மாணவனின் சான்றிதழும் உருமாறுகிறது. இங்கே மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்குத் தனியே 20 விழுக்காடு. மத்தியப் பல்கலைக்கழகத்திலோ, மத்தியப் பட்டியலில் பெயரிருந்தால், குடும்பம் வருவாய் வரம்புக்கு உட்பட்டிருந்தால், நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் அனைவரோடும் சேர்ந்து 27. பிற மாநிலத்தின் சொந்தக் கல்லூரியில் அதுவும் இல்லை. ஆந்திரத்தில் பழங்குடிப் பட்டியலில் இருந்த வகுப்பினர் ஒருவர், தந்தையின் பணி காரணமாக மராட்டியத்தில் வளர்ந்து, பம்பாய் மருத்துவக் கல்லூரியில் பழங்குடியினர் இடம் கேட்டார். இம்மாநிலத்தில் நீர் பழங்குடி அல்லர் என்று 1990இல் உச்சநீதிமன்றம் உரைத்தது. இழிவு எல்லை தாண்டித் தொடர்கிறது. உரிமை எல்லையில் நின்றுவிடுகிறது!

அளவுகோலும் நிலையானதன்று. 2021இல் டில்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிகள் சில, சில பாடங்களுக்கு நூற்றுக்கு நூறு கேட்டன. 2022இல் பள்ளி மதிப்பெண்ணை ஒதுக்கி மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குப் பொது நுழைவுத் தேர்வு வந்தது. மத்தியப் பாடநூலை ஒட்டிய தேர்வு. அதே ஆண்டு ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் இயற்றியது. மாநிலப் பாடநூல் படித்த குப்பத்துச் சிறுவனிடம், படிக்காத நூலிலிருந்து வினாத் தொடுக்கும் புதிய வாயில் காப்போன் இவன்!

ஆகவே, இளைஞனே, வடக்கே விண்ணப்பம் அனுப்பு முன் ஐந்து வினாக்களை எழுதிக்கொள். மொத்த இடம் எத்தனை? அவற்றுள் வெளி மாநிலத்தானுக்குத் திறந்தவை எத்தனை? என் வகுப்பு அங்கே எந்தப் பட்டியலில்? அளக்கும் கோல் பள்ளி மதிப்பெண்ணா, நுழைவுத் தேர்வா? இடம் கிடைத்தால் விடுதிக்கும் உணவுக்கும் வழி என்ன? ஐந்துக்கும் விடை கண்டால் உன் வாய்ப்பு உன் கையிலுள்ள கணக்கு. குறைவெனக் கண்டால் கலங்காதே; சென்ற ஆண்டு கடைசியாக இடம் பெற்றவனின் மதிப்பெண்ணைப் பார்; இரண்டாவதாக ஓரிடம், மூன்றாவதாக ஓரிடம் என வரிசைப்படுத்து; அவற்றுள் ஒன்று உன் மாநிலத்திலேயே இருக்கட்டும்.

படிப்பகம் நடத்தும் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கடலோரக் குப்பங்களில் விண்ணப்ப விதிகளைத் தமிழில் எழுதி ஒட்டுங்கள். சான்றிதழ் பெற உடன் செல்லுங்கள். விசாரிக்கத் தெரிந்தவர் ஒருவரால் 1951இல் என்ன செய்ய முடிந்தது என்று கண்டோம். விசாரிக்கத் தெரிந்தோர் ஆயிரமாயின், வாயில் காப்போனை நாம் வினவலாம்: "உன்னை இங்கே நிறுத்தியது யார்?"