பல்லும் பருவமும்

பல்லழகைப் பாட முற்பட்ட தமிழ்ப் புலவர்கள் முத்தையும் முல்லை அரும்பையும் விட்டு அதிகம் விலகிச் சென்றதில்லை. ஒழுங்கு குலைந்த பல்லைப் பற்றிப் பேசுவதில் புலவரைக் காட்டிலும் ஊர் வழக்கே முந்திக்கொண்டது. ஒன்றன்மேல் ஒன்று பின்னி நிற்பது தெற்றுப்பல். உதட்டைத் தள்ளிக்கொண்டு முன்னே நிற்பது எத்துப்பல். தெற்றுப்பல் உடையவர் நற்பேறு உடையவர் என்னும் நம்பிக்கை நம்மிடையே உண்டு. எத்துப்பல் உடைய சிறுவனுக்கோ அத்தகைய பேறு எதுவும் கிட்டுவதில்லை. வகுப்பறையில் அவனுக்குக் கிடைக்கும் பட்டப்பெயரை ஆசிரியர் எவரும் அறிவர்.

அச்சிறுவனின் பல்லைக் கம்பி கட்டி நேராக்கலாம் என்பது இன்று பெற்றோர் பலருக்கும் தெரிந்த செய்தியே. எப்போது கட்டுவது என்பதில்தான் அவர்கள் தடுமாறுகின்றனர். பாற்பற்கள் விழத் தொடங்கிய 7, 8 வயதிலேயே தொடங்குவதா, நிலைப்பற்கள் பெரும்பாலும் முளைத்துவிட்ட 12, 13 வயது வரை காத்திருப்பதா? ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்னும் பழமொழியை நெஞ்சில் நிறுத்தி வளர்ந்த நமக்கு, இவ்வினாவுக்கு விடை வெளிப்படையாகத் தோன்றும். மேலைநாட்டு மருத்துவர்கள் பலரும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணினர். அவ்வெண்ணம் எங்கே மெய்யாயிற்று, எங்கே பொய்த்தது என்பதே ஈண்டு நாம் காணப்புகும் வரலாறு.

குழந்தைகளின் பல் ஒழுங்கைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய குறிப்புகளுள் ஒன்று கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. உரோம நாட்டு ஆசிரியர் செல்சஸ், தம் மருத்துவ நூலில், பாற்பல் விழுமுன்னரே புதுப்பல் முளைக்குமாயின் பாற்பல்லைக் களைந்துவிட்டு, புதுப்பல்லை நாள்தோறும் விரலால் அழுத்தி உரிய இடத்திற்குக் கொண்டுசேர்க்க வேண்டும் என்று எழுதினார். கம்பியும் இல்லை, கருவியும் இல்லை; விரலும் பொறுமையுமே மருந்து. எளிய இக்குறிப்பினுள் ஓர் ஆழ்ந்த உண்மை அடங்கியிருக்கிறது. மெல்லிய விசை இடைவிடாது செயற்பட்டால், எலும்பில் ஊன்றிய பல்லும் இடம்பெயரும் என்பதே அது.

அது எவ்வாறு நிகழ்கிறது என்பதை விளக்க மேலும் பதினெட்டு நூற்றாண்டுகள் தேவைப்பட்டன. சுவீடன் நாட்டுச் சாண்ட்ஸ்டெட் 1904ஆம் ஆண்டையொட்டி நாய்களின் பற்களை நகர்த்தி, அவற்றின் தாடையெலும்பை நுண்ணோக்காடியில் ஆராய்ந்தார். பல் எந்தப் பக்கம் தள்ளப்படுகிறதோ அந்தப் பக்கத்து எலும்பு கரைகிறது. எதிர்ப்பக்கத்தில் புது எலும்பு உருவாகிறது. ஆகவே பல் எலும்பைப் பிளந்துகொண்டு செல்வதில்லை. எலும்பே அதற்கு வழிவிட்டு, பின்னால் வழியை அடைத்தும் விடுகிறது. விசை மிகுந்தால் அவ்விடத்துக் குருதியோட்டம் தடைப்பட்டு, நகர்ச்சியே தாமதமாகும். முறுக்கிக் கட்டினால் விரைவில் முடியும் என்று எண்ணுவோர் இதனை நினைவிற் கொள்ளுதல் நன்று.

பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு நாட்டில்தான் பல் மருத்துவம் தனித்துறையாக வடிவம் பெற்றது. 1728இல் பியேர் ஃபோஷார் வெளியிட்ட நூல் அதற்கு அடித்தளமிட்டது. பொன் அல்லது வெள்ளித் தகட்டை வளைத்துத் துளையிட்டு, நூலால் பற்களோடு பிணைத்து அவற்றை வரிசைக்குக் கொண்டுவரும் முறையை அவர் விளக்கினார். இன்றைய பற்கம்பியின் மூதாதை அத்தகடே எனலாம். 1743இல் ரோபேர் புனோன் என்பார், இடநெருக்கடி உள்ள பிள்ளைகளுக்குப் பாற்பற்களை உரிய முறையில் களைந்து நிலைப்பற்களுக்கு வழிவிடலாம் என்றார். 1771இல் இங்கிலாந்தின் ஜான் ஹண்டர், தாடை வளர்வது பெரும்பாலும் பின்புறத்தில் கடைவாய்ப்பற்களுக்கு இடந்தரவே என்றும், முன்வரிசைக்கு உரிய இடம் இளமையிலேயே ஏறத்தாழ முடிவாகிவிடுகிறது என்றும் எழுதினார். பிள்ளை வளர்ந்தால் வாயும் வளர்ந்து பல் தானே சரியாகிவிடும் என்று ஆறுதல் கூறும் பாட்டிமார் இன்றும் உள்ளனர். ஹண்டரின் கூற்று அவ்வாறுதலுக்கு இடந்தரவில்லை.

பருவத்தின் ஆற்றலை முதன்முதலாக வியக்கத்தக்க வகையில் காட்டியவர் அமெரிக்காவின் எமர்சன் ஏஞ்சல். மேல்தாடை இடமும் வலமுமாக இரண்டு எலும்புகளால் ஆயது. நடுவே ஒரு பொருத்து உண்டு. இளமையில் அது முற்றிலும் இறுகுவதில்லை. 1860இல் அவர் 14 வயதுச் சிறுமி ஒருத்தியின் அண்ணத்தில் திருகாணி பொருத்திய கருவியை வைத்து, நாள்தோறும் திருகச் செய்தார். இரு வாரங்களில் முன்பற்களிடையே இடைவெளி தோன்றியது. பொருத்து விரிந்துவிட்டது என்பதற்கு அதுவே சான்று என்றார். அக்காலத்தார் பலர் அதனை நம்ப மறுத்தனர். அம்முறை நெடுங்காலம் கிடப்பில் கிடந்து, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் மீண்டும் செல்வாக்குப் பெற்றது. இன்று குறுகிய அண்ணம் உடைய சிறுவர்க்கு இதுவே வழக்கமான மருத்துவம். பழமொழி முழு வெற்றி பெற்ற இடம் இது. வளர்ந்து முதிர்ந்தபின் அப்பொருத்தைத் திருகாணியால் மட்டும் விரிப்பது அரிது.

இனி எட்வர்டு ஆங்கிளைப் பற்றிக் கூறாமல் இவ்வரலாறு மேற்செல்லாது. 1855இல் பிறந்து 1930இல் மறைந்த இவ்வமெரிக்கரே பல் சீரமைப்பைத் தனிக் கல்வித்துறையாக்கியவர். 1899இல் அவர் பல் ஒழுங்கின்மையை மூன்று வகுப்பாகப் பிரித்தார். ஆறு வயதில் முளைக்கும் முதல் கடைவாய்ப்பல்லை அடையாளமாகக் கொண்டு, மேல்வரிசையோடு கீழ்வரிசை இயல்பாகப் பொருந்துகிறதா, பின்தங்குகிறதா, முந்துகிறதா என்று பார்ப்பதே அப்பகுப்பு. ஒரு நூற்றாண்டைக் கடந்தும் மாணவர் அதனையே முதற்பாடமாகப் படிக்கின்றனர். 1900இல் செயின்ட் லூயிஸ் நகரில் இதற்கென ஒரு பள்ளியையும் அவர் நிறுவினார். பல்லின் முகப்பில் சிறு பற்றுறுப்பைப் பொருத்தி, அதன் குறுகிய காடிக்குள் செவ்வகக் கம்பியைச் செலுத்தும் முறையை 1920களில் வகுத்தவரும் அவரே. இன்று பிள்ளைகளின் வாயில் நாம் காணும் கம்பி அம்முறையின் வழிவந்தது.

மேல்வரிசையையும் கீழ்வரிசையையும் இழுத்துப் பொருத்தச் சிறு ரப்பர் வளையங்களைப் பயன்படுத்தும் வழக்கமும் 1890களில் பரவியது. அக்காலத்து ரப்பர் அமேசான் காட்டிலிருந்து வந்தது. இருபது ஆண்டுகள் செல்வதற்குள் நிலை மாறி, மலாயாத் தோட்டங்களின் ரப்பர் உலகச் சந்தையை நிரப்பிற்று. அதன்பின் நம் முன்னோர் விடியலில் பால்மரம் வெட்டிச் சேர்த்த பால், எந்த நாட்டுப் பிள்ளையின் பல்லை இழுத்ததோ, யார் கண்டார்! அதை வெட்டியவரின் பிள்ளைகளுக்குப் பல் மருத்துவரைக் காண்பதே அரிதாக இருந்தது.

ஆங்கிள் மேதை, ஆனால் பிடிவாதக்காரர். இயற்கை 32 பற்களை வீணாகத் தரவில்லை, அத்தனையையும் வரிசையில் நிறுத்தினால் எலும்பு தானே வளர்ந்து அவற்றைத் தாங்கும் என்பது அவர் கோட்பாடு. ஆகவே சீரமைப்புக்காக ஒரு பல்லையும் பிடுங்கலாகாது என்றார். சிகாகோவின் கால்வின் கேஸ் இதனை மறுத்தார்; தாடை சிறிதாக இருக்கப் பற்கள் பெரிதாக இருப்பின் சிலவற்றை நீக்குவதே முறை என்று 1911இல் அவர் வாதிட்டபோது பெரும் சொற்போர் மூண்டது. ஆங்கிள் வழியினரே வென்றனர். ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் அமெரிக்கச் சிறுவர்தம் நெருக்கமான பற்கள் யாவும் விரித்து நிறுத்தப்பட்டன.

அவ்வெற்றியை உடைத்தவர் ஆங்கிளின் மாணவரும் அவர் இறுதிக் காலத்தில் உறுதுணையாக நின்றவருமான சார்லஸ் டுவீட் ஆவார். அரிசோனாவில் தொழில் புரிந்த அவர், ஆசிரியர் கற்பித்தபடியே பல் பிடுங்காமல் சீரமைத்தார். சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது பலருடைய பற்கள் மீண்டும் கோணியிருந்தன. பலருக்கு உதடு மூடாதபடி பற்கள் முன்தள்ளி நின்றன. வேறொருவராயின் கம்பியைச் சரியாக அணியாத பிள்ளைகளின் மீது பழியைப் போட்டிருப்பார். டுவீட் அதே பிள்ளைகளை மீண்டும் அழைத்து, முன்கடைவாய்ப்பற்கள் நான்கை நீக்கி, புதிதாகக் கம்பி கட்டினார். 1940இல் அத்தகைய நூறு பேரின் முன்நிலை பின்நிலைச் சான்றுகளை அடுக்கி வைத்துக் காட்டினார். ஆசிரியர்மீது கொண்ட பற்று வேறு, ஆசிரியர் சொல்லைச் சோதித்தல் வேறு என்பதைத் துறையினர் கண்கூடாகக் கண்ட நாள் அது. அவர்மீது வசைகளும் பொழிந்தன. எனினும் நூறு பேரின் சான்றுகளை வசையால் அழிக்க இயலவில்லை.

ஆங்கிளிடமே பயின்ற ஆஸ்திரேலியரான ரேமண்ட் பெக்கும் அடிலெய்டு நகரில் இதே முடிவுக்கு வேறு வழியாக வந்தார். அந்நாட்டுத் தொல்குடியினரின் மண்டையோடுகளில், கரடுமுரடான உணவால் பற்கள் தேய்ந்து இடநெருக்கடி இன்றி இருந்ததைக் கண்டார். மென்மையான உணவை உண்ணும் நம் பற்கள் தேய்வதில்லை, அதனாலேயே நெருக்கம் என்றார். அவர் கூறிய தேய்மான அளவைப் பின்வந்தோர் ஐயுற்றனர். பின்னாளில் பல் பிடுங்கும் வழக்கமும் எல்லை மீறிப் போய், மறுபடியும் குறைந்தது. ஊசல் ஒரு பக்கமே நிற்பதில்லை.

ஐரோப்பா வேறு வழியில் சென்றது. பொன்னும் பிளாட்டினமும் அரிதாயிருந்த அங்கே, கழற்றி மாட்டும் கருவிகளே செல்வாக்குப் பெற்றன. இதில் விகோ ஆண்டிரேசனின் கதை சுவையானது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், விடுமுறைக்குச் செல்லவிருந்த தம் மகளின் பற்கம்பியைக் கழற்றிவிட்டு, பல் பழைய இடத்திற்குத் திரும்பாதிருக்க ஒரு தளர்ந்த கருவியைச் செய்து கொடுத்தார். கீழ்த்தாடையை முன்னே நிறுத்தும் வகையில் அது அமைந்திருந்தது. மூன்று திங்கள் கழித்து மகள் திரும்பியபோது, பல் பெயராமல் இருந்ததோடு எஞ்சிய குறையும் நீங்கியிருந்தது. தசையின் இயக்கமே மருந்தாகும் என்ற கொள்கை இதிலிருந்து கிளைத்து, கார்ல் ஹாய்ப்பில் என்னும் அறிஞரின் துணையோடு பெருகிற்று. 1977இல் ஸ்காட்லாந்தின் வில்லியம் கிளார்க் அமைத்த இரட்டைக் கட்டைக் கருவியும் இம்மரபினதே. கீழ்த்தாடை பின்தங்கிய சிறுவனை இளமையிலேயே பிடித்தால் தாடையையே வளர்த்துவிடலாம் என்ற நம்பிக்கை வேரூன்றியது. அமெரிக்கரும் காலப்போக்கில் அதனை ஏற்றனர். 8 வயதில் ஒரு மருத்துவம், 12 வயதில் மற்றொரு மருத்துவம் என்னும் இருகட்ட முறை பெருகிற்று, செலவும் பெருகிற்று.

டுவீட் செய்ததைப் போலவே இந்நம்பிக்கையையும் சோதிக்கச் சிலர் துணிந்தனர். 1980களின் பிற்பகுதியில் தொடங்கி, அமெரிக்காவின் வட கரோலினா, ஃபுளோரிடா பல்கலைக்கழகங்களிலும், பின்னர் இங்கிலாந்திலும் ஆய்வுகள் நிகழ்ந்தன. மேற்பற்கள் முன்தள்ளிய சிறுவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு சாராருக்கு இளமையிலேயே மருத்துவம் செய்தனர். மறுசாராரைப் பதின்பருவம் வரை காக்க வைத்தனர். முதற்கட்ட முடிவில் இளமையில் தொடங்கியோரே முந்தி நின்றனர். ஆனால் பதின்பருவத்தில் இருசாராருக்கும் கம்பி கட்டி முடித்தபின் பார்த்தால், தாடை அமைப்பிலும் பல் பொருத்தத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. முன்பே தொடங்கியோர் மருத்துவரிடம் அதிக நாள் அலைந்ததே மிச்சம்.

ஒரு பயன் மட்டும் நிலைத்தது. முன்தள்ளிய பல் விளையாட்டில் விழுந்து உடையும் இடர் இளமையில் மருத்துவம் பெற்றோரிடம் குறைந்திருந்தது. கேலிக்கு ஆளாகும் பிள்ளையின் தன்னம்பிக்கை ஓரளவு உயர்ந்ததாகவும் இங்கிலாந்து ஆய்வு கூறிற்று. ஆசிரியரான நாம் அதனை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. குறுகிய அண்ணத்தால் கடிவாய் ஒருபுறம் விலகியிருத்தல், மேற்பல் கீழ்ப்பல்லுக்கு உட்புறம் சிக்கியிருத்தல், கீழ்த்தாடை முந்திய அமைப்பு, விடாத விரல் சூப்பல் ஆகியவை காத்திருக்கலாகாதவை. மற்றபடி பல் கோணல்கள் பலவும் காத்திருக்கக் கூடியவையே. ஐந்தில் வளைத்தது பன்னிரண்டிலும் அதே அளவு வளையும் என்பதைப் பழமொழி சொல்லவில்லை.

இளமையிலேயே செய்தாக வேண்டிய மருத்துவம் இன்னொன்று உண்டு. அதனை எவரும் சீரமைப்பு என்று அழைப்பதில்லை. விழப்போகிற பல்தானே என்று பாற்கடைவாய்ப்பல்லின் சொத்தையைக் கவனியாது விட்டால், அதனை முன்கூட்டியே பிடுங்க நேரிடும். பின்னிருக்கும் பல் அவ்வெற்றிடத்தில் சாய்ந்து, பிறகு முளைக்கும் நிலைப்பல்லின் இடத்தைப் பறித்துக்கொள்ளும். பாற்பல்லைக் காப்பதே இடத்தைக் காப்பது. ஆங்கிள் தம் பகுப்புக்கு அடிப்படையாக்கிய ஆறு வயதுக் கடைவாய்ப்பல்லின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. எந்தப் பல்லும் விழாமல், வரிசையின் பின்னே ஓசையின்றி முளைப்பதால் பெற்றோர் அதனையும் பாற்பல் என்றே கருதிவிடுகின்றனர்.

நியூசிலாந்தில் 1921இல் தொடங்கிய முறையைப் பின்பற்றி, 1949இல் பினாங்கில் பள்ளிச் சிறுவர்க்கான பல் மருத்துவத் தாதியர் பயிற்சிப் பள்ளி நிறுவப்பட்டது. அங்குப் பயின்ற பெண்கள் பள்ளிகளை நாடிச் சென்று சிறுவர்தம் பற்களில் சொத்தையை அகற்றி அடைத்தனர். கம்பி கட்டும் பொறுப்பு அவர்களுக்கு இல்லை. அவர்கள் காத்த ஆறு வயதுக் கடைவாய்ப்பற்களைச் சுற்றித்தான் பின்னாளில் கம்பிகள் பல கட்டப்பட்டன.