கோழை, பொய்யன், நோயாளி: தவிர்த்தல் பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

நடந்ததை நினைக்க மறுப்பதும், அதை ஞாபகமூட்டும் இடங்களையும் மனிதர்களையும் பேச்சுக்களையும் விலக்கி நடப்பதும் தாங்கமுடியாத நெருக்கடிக்கு மனம் காட்டும் எதிர்வினைகளில் ஒன்று. இது இன்று மருத்துவ நூல்கள் ஏற்றுக்கொண்ட விடயம். ஆனால் இந்த எதிர்வினைக்கு என்ன பெயர் சூட்டுவது என்பதை மருத்துவம் மட்டும் தீர்மானித்ததில்லை, அதிகாரமும் தீர்மானித்திருக்கிறது. முதலாம் உலக யுத்தம் இதற்கு நல்ல உதாரணம்.

1915 பெப்ரவரியில் சாள்ஸ் மயர்ஸ் என்ற வைத்தியர், நினைவும் பார்வையும் பாதிக்கப்பட்ட சிப்பாய்களைப் பற்றி லான்செற் மருத்துவ இதழில் எழுதியபோது 'ஷெல் அதிர்ச்சி' என்ற பெயரைப் பயன்படுத்தினார். பெயர் கிடைத்தது, பாதுகாப்புக் கிடைக்கவில்லை. போர்முனையை விட்டு ஓடியமை, கோழைத்தனம் முதலான குற்றங்களுக்காகப் பிரித்தானியப் பேரரசின் படைகளில் சுட்டுக்கொல்லப்பட்ட 306 பேருக்கு 2006இல்தான் மன்னிப்பு வழங்கப்பட்டது. அவர்களுள் எத்தனை பேர் நோயாளிகள் என்று இனி எவராலும் கணக்கிட முடியாது.

அதிகாரிகளுக்கு வேறு வழி இருந்தது. எடின்பரோவின் கிறேக்லொக்கார்ட் இராணுவ மருத்துவமனை 1916இல் அவர்களுக்காகத் திறக்கப்பட்டது. அங்கு பணியாற்றியவர் டபிள்யூ.எச்.ஆர். றிவர்ஸ். நமக்கு இவர் முற்றிலும் அந்நியரல்லர். நீலகிரியில் தோடர்களிடையே ஆய்வு செய்து 1906இல் நூல் வெளியிட்ட மானிடவியலாளர் இவரே.

1917 டிசம்பரில் வாசித்து, அடுத்த ஆண்டு லான்செற்றில் வெளியிட்ட கட்டுரையில் றிவர்ஸ் முன்வைத்த கருத்து அன்றைய பொதுப்புத்திக்கு நேர்மாறானது. தன்னிடம் வந்தவர்களுக்கு வைத்தியரும் உறவினரும் சொல்லியிருந்த புத்திமதி ஒன்றே: யுத்தத்தை மறந்துவிடு, அழகானவற்றை நினை. அவர்களும் பகல் முழுவதும் அதற்காகப் பாடுபட்டார்கள். பகலில் விரட்டப்பட்டது இரவில் கனவாகத் திரும்பியது. அவர்களது துன்பத்தில் பெரும்பங்கு அனுபவத்திலிருந்து மட்டுமல்ல, அதை விரட்டும் முயற்சியிலிருந்தும் வந்தது என்பதே றிவர்ஸின் முடிவு.

அவர் விவரிக்கும் ஒரு அதிகாரி, தேடிப்போன நண்பனைச் சிதறிய உடலாகக் கண்டவர். ஒவ்வொரு இரவும் அக்காட்சி வந்தது. அந்த நிலையே நண்பன் வலியின்றி உடனே இறந்தான் என்பதற்குச் சாட்சி என்று றிவர்ஸ் எடுத்துக்காட்டினார். நினைவை விரட்டாமல் அதன் முன் சற்று நிற்பதற்கு அவருக்கு ஒரு பிடிமானம் கிடைத்தது. பின்னர் கனவு மாறியது. ஒரு கனவில் அவர் நண்பனருகே முழந்தாளிட்டார், பின்னொரு கனவில் அவனோடு பேசினார். இன்னொருவருக்கோ, அழுகிய பிணத்தின் மேல் முகம்புதைய விழுந்த நினைவு. அதில் பற்றிக்கொள்ள எதுவுமே இல்லை என்பதை றிவர்ஸ் மறைக்கவில்லை. அனுபவத்தையே இடைவிடாது நினைத்துக்கொண்டிருப்பதும் கேடு என்று அவர் எச்சரித்தார்.

இந்த எச்சரிக்கை காலம் கடந்தும் நிற்கிறது. 1980இல் அமெரிக்க மனநல வகைப்பாடு நெருக்கீட்டுக்குப் பிந்திய மனவடுவை அங்கீகரித்தது. 2013இல் தவிர்த்தலைத் தனியொரு அடையாளக்கூறாகப் பிரித்தது. படிப்படியாக, துணையோடு, நினைவை அணுகும் சிகிச்சைகள் பயன் தருகின்றன. ஆனால் அனர்த்தம் நடந்தவுடனேயே எல்லோரையும் இருத்திக் கொட்டவைக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை.

இங்கேதான் நமது விடயம் வருகிறது. சில வருடங்கள் அகதி விசாரணைகளில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். முதல் விசாரணையில் கைதுசெய்யப்பட்ட திகதியைச் சொன்னவர், உடலில் செய்யப்பட்டதைச் சொல்லமாட்டார். அடுத்த விசாரணையில் சொல்வார். 'முன்னர் கூறவில்லை, ஆகவே நம்பத்தக்கதல்ல' என்று கடிதம் வரும். அக்கடிதங்களை நான் உரக்க வாசித்து மொழிபெயர்த்திருக்கிறேன். அன்று கோழைத்தனம் என்றது இன்று பொய் எனப்படுகிறது. தீர்ப்பளிக்கும் ஆசனம் மாறியிருக்கிறது, பார்வை மாறவில்லை.

வீட்டில் நாமும் வேறுவிதமாக நடப்பதில்லை. 'அதையெல்லாம் ஏன் கிளறுகிறாய், பிள்ளைகளைப் பார்' என்பது கிறேக்லொக்கார்ட்டுக்கு வருமுன் அந்த அதிகாரிகள் கேட்ட அதே புத்திமதி. யாழ்ப்பாணத்தில் யுத்தத்தின் நடுவே பணியாற்றிய மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம், குடும்பமும் சமூகமும் சேர்ந்தே காயப்படுவதையும் அவநம்பிக்கை பரவுவதையும் எழுதியிருக்கிறார். சமூகமே காயப்பட்டிருக்கையில், கேட்கும் காது வைத்தியரிடம் மட்டும் இருந்தால் போதாது.

'மனவுறுதி' என்ற சொல்லையும் நாம் சந்தேகத்தோடு அணுகவேண்டும். றிவர்ஸ் குணப்படுத்தியது மீண்டும் யுத்தத்துக்கு அனுப்புவதற்காக. யுத்தத்தை எதிர்த்து அறிக்கைவிட்ட கவிஞர் சீக்பிரிட் ஸசூனும் அவரிடம் சிகிச்சை பெற்றபின் 1917 நவம்பரில் கடமைக்குத் திரும்பினார். சகித்துக்கொண்டு வேலைக்குப் போகும் அகதியை இன்று உறுதியானவர் என்று மெச்சுபவர்களும் ஏறத்தாழ அதையே கேட்கிறார்கள். யாருக்குப் பயன்படும் உறுதி?

கிறேக்லொக்கார்ட்டின் நோயாளிகள் 'ஹைட்ரா' என்ற இதழை நடத்தினார்கள்; சிலகாலம் அதன் ஆசிரியராக இருந்தவர் கவிஞர் வில்பிரட் ஓவன். அவரைப் பார்த்த வைத்தியர் ஆதர் புறொக், மனிதனை வேலையோடும் சூழலோடும் மீள இணைப்பதே சிகிச்சை என்று கருதினார். மனவுறுதியை நான் இப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன்: அது நெஞ்சுக்குள் வளர்க்கும் இரும்பல்ல. சொல்ல விரும்பும்போது சொல்லவும், விரும்பாதபோது மௌனமாயிருக்கவும், இரண்டுக்காகவும் தண்டிக்கப்படாமல் இருக்கவும் கூடிய ஓரிடம் வேண்டும். விசாரணை அறையிடம் அதைக் கோருமுன், நமது சங்கங்களிலும் சமையலறைகளிலும் அப்படி ஓரிடம் இருக்கிறதா என்று கேட்போம்.